கூட்டத்தை வெளியேற்றிய இயேசு

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கைப்பேசியில் எடுக்கப்பட்ட அந்த வெள்ளக் காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது.

மலையில் மழை பெய்தால் அருவி எப்படிச் சீறும் என்று காட்டுவது செய்தி. தென்காசிக்கு வரும் வெளியூர் மக்களுக்கு அது உயிர் காக்கும் எச்சரிக்கையும்கூட. ஆனால் அதையே ஓயாமல் ஓட்டும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் சாவு ஒவ்வொரு முறையும் மறுபடி நிகழ்கிறது.

தமிழகம் இதைவிடக் கொடிய ஒன்றையும் கண்டது. 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் நாள் அதிகாலை உடல் மீட்கப்படும்வரை இரவு பகலாக நேரலை. குழிக்குள் தெரிந்த பிஞ்சுக் கையும், மீட்புப் பணிக்காகத் துணிப்பை தைத்த தாயின் முகமும் நம் வீடுகளுக்குள் வந்தன. கைவிடப்பட்ட கிணறுகளை மூடவேண்டும் என்ற விழிப்பு அதனால் பரவியதை மறுப்பதற்கில்லை. ஆனால் யாரும் பார்க்காமல் அழுவதற்கு அந்தத் தாய்க்கு ஒரு மணி நேரமாவது கிடைத்ததா?

இறந்தோர் உடல்களையும் இரத்தக் காயங்களையும் மறைக்காமல், அருகிலிருந்து காட்ட வேண்டாம் என மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரி 9 அன்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. சமூக வலைதளப் படங்களை அப்படியே எடுத்து ஒளிபரப்புவதையும் சுட்டிக்காட்டியது.

யாயீரின் மகள் இறந்து கிடந்த வீட்டில் இயேசு முதலில் செய்தது என்ன? கூட்டத்தை வெளியேற்றினார். பெற்றோரையும் தம்முடன் வந்த சீடர்களையும் மட்டுமே உள்ளே அழைத்துச் சென்றார் (மாற்கு 5). ஊரே பார்க்கவேண்டிய அற்புதம் அது. ஆயினும் நடந்ததை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். சாவு நடந்த அறை, அழுகிறவர்களுக்கு உரியது.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று திருச்சபை கற்பிக்கிறது. நம் மொழியில் 'அடக்கம்' என்ற சொல்லுக்குப் பணிவு, கட்டுப்பாடு என்றும் பொருள் உண்டு. துக்க வீட்டில் கைப்பேசியைப் பைக்குள் வைப்போம். விபத்துப் படம் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழிப்போம். கேமரா ஒரு தாயின் கண்ணீரை நெருங்கும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அந்தக் குடும்பத்திற்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வோம்.