பணத்தைக் கும்பிடுவதா? பணத்தைப் படிப்பதா?

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் முதலிய கொங்கு நாட்டு ஊர்களில் பட்டம் பெற்ற வாலிபர்களும் பெண்களும் பாங்கி, நிதி சம்பந்தமான மேல்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறார்கள். சிலர் எம்.காம். என்கிறார்கள், சிலர் எம்.பி.ஏ. என்கிறார்கள், சிலர் பாங்கி டிப்ளமா என்கிறார்கள். ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்களில் பலர் இதற்குத் தடை சொல்லுகிறார்கள். "பணத்துக்குப் படிப்பு எதற்கு? அது லட்சுமி கடாட்சம். இல்லாவிட்டால் ஜாதி இரத்தத்திலேயே வரவேண்டும். எட்டாவது படித்தவன் மில் வைத்திருக்கிறான், எம்.காம். படித்தவன் அவனிடம் கணக்கு எழுதுகிறான்" என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் நிற்குமா என்று கொஞ்சம் பகுத்தறிவைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் லட்சுமி கடாட்சத்தையே எடுத்துக்கொள்ளுவோம். கரூரில் இரண்டு பாங்கிகள் பிறந்தன. ஒன்று 1916ல் ஏற்பட்ட கரூர் வைசியா பாங்கி. மற்றது 1926ல் ஏற்பட்ட லட்சுமி விலாஸ் பாங்கி. இரண்டும் ஒரே ஊர். இரண்டும் அந்தப் பக்கத்து வியாபாரிகள் போட்ட முதலில் வளர்ந்தவை. இரண்டாவது பாங்கிக்கோ பெயரிலேயே லட்சுமி வாசம் செய்தாள். அப்படியிருக்க 94-வது வருஷத்தில் என்ன நடந்தது? சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்துப் பழகிய அந்தப் பாங்கி, பெரிய கம்பெனிகளுக்குக் கை நிறையக் கொடுக்கப் போய், 2020 மார்ச்சில் அது கொடுத்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய்க்கு மேல் வராக்கடனாகிவிட்டது. கடனின் அபாயத்தைக் கணக்கிட்டு, நூறு ரூபாய்க்கு 9 ரூபாயாவது பாங்கி தன் சொந்த முதலாக வைத்திருக்க வேண்டுமென்பது ரிஸர்வ் பாங்கி விதி. அவ்வருஷம் செப்டம்பரில் அந்த முதல் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. நவம்பர் 17ந் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்கக்கூடாதென்று சர்க்கார் தடை போட்டார்கள். 27ந் தேதி அது டி.பி.எஸ். இந்தியா பாங்கியோடு சேர்க்கப்பட்டது. பங்கு வாங்கியிருந்தவர்களின் முதல் முழுவதும் தள்ளுபடியாயிற்று. டெபாசிட் போட்டவர்களின் பணம் மாத்திரம் தப்பிற்று.

அந்தப் பணத்தைக் காப்பாற்றியது யார்? லட்சுமியா, சட்டமும் கணக்குமா? கரூர் வைசியா பாங்கி இன்றும் நடந்து வருகிறதே, அங்கே பூஜை கூடுதலாகவும் இங்கே பூஜை குறைவாகவும் நடந்ததா? ஒரு பாங்கி நிற்பதும் விழுவதும், யாருக்கு, எந்த ஈட்டின் பேரில், எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்த சங்கதி. இதைத்தான் அந்த மேல்படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாம் பாங்கியில் போடும் டெபாசிட்டு பாங்கிக்குச் சொத்து அல்ல, அது பாங்கி நமக்குப் பட்டிருக்கும் கடன். பாங்கி பிறருக்குக் கொடுத்த கடன்தான் அதன் சொத்து. டெபாசிட்டை நாளைக்கே கேட்பார்கள். கடனோ பத்து வருஷம் கழித்துத்தான் திரும்பி வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் தவறி விழாமல் நடப்பது எப்படி என்பதுதான் பாங்கிப் படிப்பின் உயிர்நாடி.

நிற்க, கணக்குப் படிக்காததால் நம் நாட்டுப் பக்கம் அடைந்த நஷ்டத்தைப் பாருங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் கிளம்பி, கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம், வருஷா வருஷம் போனஸ் என்று சினிமாக்காரர்களைக் கொண்டு விளம்பரம் செய்து, 2012ல் கவிழ்ந்தன. விவசாயிகள் பூமியை அடகு வைத்த பணமெல்லாம் போயிற்று. அதற்கு முன்பே திருப்பூரில் பாசி என்ற அந்நிய நாணய வியாபாரக் கம்பெனி பல நூறு கோடி ரூபாயை வாரிச் சுருட்டி 2009ல் அகப்பட்டது. அதை நடத்தியவர்களுக்கு 2022ல் கோவைக் கோர்ட்டில் 27 வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையால் ஏமாந்தவன் பணம் முழுவதும் வந்துவிடுமா?

இப்படிப்பட்ட கம்பெனிகளில் பணம் போடப் போகிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள், ஜாதகம் பார்க்கிறார்கள், குலதெய்வத்தினிடம் பூப்போட்டுக் கேட்கிறார்கள். ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாதம் நூற்றுக்கு 10 ரூபாய் வட்டி என்று ஒருவன் சொன்னால், வட்டிக்கு வட்டி சேர்த்து ஒரு லட்சம் ஒரு வருஷத்தில் 3 லட்சத்துக்கு மேலாக வேண்டும். ஐந்து வருஷத்தில் 3 கோடியைத் தாண்ட வேண்டும். வருஷத்துக்கு 7 வட்டி கொடுக்கும் பாங்கியிலோ பணம் இரட்டிப்பாகவே சுமார் 10 வருஷமாகும். ஐந்து வருஷத்தில் லட்சத்தை மூன்று கோடியாக்கும் கோழி உலகத்தில் உண்டா? இந்தக் கணக்குத் தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ ஒரு கிராமத்தில் இருந்திருந்தால், அந்தக் கிராமமே தப்பியிருக்குமல்லவா?

ஏழை விவசாயிதான் இப்படி ஏமாந்தான் என்று பணக்காரர்கள் சிரிக்க வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் வியாபாரி சீமைக்குச் சரக்கு அனுப்பி, 90 நாள் கழித்து டாலரில் பணம் வாங்குகிறான். ஒரு லட்சம் டாலருக்குச் சரக்கு அனுப்பும்போது டாலர் 85 ரூபாயாயிருந்து, பணம் வரும்போது 83 ஆனால் இரண்டு லட்ச ரூபாய் போய்விடும். இதைத் தடுக்க முன்கூட்டியே விலை பேசி வைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் 2007, 2008 வருஷங்களில் இவற்றின் பேரால் பாங்கிகள் நீட்டிய சிக்கலான காகிதங்களில் திருப்பூர், கோவை முதலாளிகள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரிய நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். கோவைச் சர்க்கரை ஆலைக் கம்பெனி ஒன்று சென்னை ஹைகோர்ட்டு வரை போய், அது வெறும் சூதாட்டம், செல்லாது என்று வாதாடிப் பார்த்தது. 2008ல் ஹைகோர்ட்டு அதைச் சூதாட்டமென்று ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டவன் படித்துவிட்டுத்தான் போட்டான் என்றுதானே சட்டம் வைத்துக்கொள்ளும்? எட்டாவது படித்தவன் மில் வைக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை அவனுக்குப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

இனி, ஜாதி இரத்தம் என்னும் வாதத்தைப் பார்ப்போம். பணக் கணக்கு இரத்தத்தில் வருவதானால், பாங்கி வேலையைப் பாடமாக்கிப் பரீட்சை வைப்பதற்கென்று 1928லேயே பம்பாயில் இன்ஸ்டிடியூட் ஆரம்பிப்பானேன்? 1969ல் ரிஸர்வ் பாங்கி முன்னின்று பாங்கி நிர்வாகக் கல்லூரி ஏற்படுத்துவானேன்? கோவையில் 1892ல் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார், 1944ல் பிரெட்டன் உட்ஸில் உலகத்து நாணய ஏற்பாட்டைப் பேசி முடித்த மகாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். 1947ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் நிதி மந்திரியாயிருந்த 1975ல்தான் கிராமியப் பாங்கிகள் ஏற்பட்டன. இவர்கள் படித்தார்கள், அதனால் தெரிந்துகொண்டார்கள். இரத்தம் என்பது மற்றவனைப் படிக்கவிடாமல் தடுப்பதற்குக் கட்டிய கதையேயாகும். பெண்களுக்குக் கணக்கு வராது என்பதும் அதே கதைதான். வீட்டுச் செலவையும் சீட்டுப் பணத்தையும் காகிதமில்லாமல் நினைவிலேயே வைத்துக் கணக்குத் தீர்க்கிறவள் நம் வீட்டுப் பெண். அவளை பி.காம். வரையில் படிக்க வைத்துவிட்டு, "போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்பது நியாயமா?

"படித்தவன்தானே பாங்கியைக் கவிழ்த்தான்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். படிப்பு யாருக்கும் நாணயத்தைக் கொடுத்துவிடாது. ஆனால் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த வித்தையைக் கொண்டுதான் நாலாயிரம் பேரை ஏமாற்ற முடியும். நாலாயிரம் பேருக்கும் தெரிந்துவிட்டால் ஏமாற்றுகிறவன் யாரிடம் போவான்?

அடுத்தபடியாக, படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1982ல் ஏற்பட்ட பாரதியார் சர்வகலாசாலையின் கீழ் எம்.காம்., எம்.பி.ஏ. சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. ஆனால் வேலையோடு சேர்ந்த ஒரு வருஷப் பாங்கி டிப்ளமாவுக்கு ஐ.டி.பி.ஐ. பாங்கி 2023-24ல் வைத்த கட்டணம் 3 லட்ச ரூபாய். அதற்கு மேல் வரி வேறு. மூன்று வருஷம் விட்டுப் போகமாட்டேனென்று எழுதியும் கொடுக்க வேண்டும். அதில் ஒதுக்கீடு உண்டு, கடனும் கிடைக்கும் என்கிறார்கள். விசைத்தறியில் கூலி வேலை செய்கிறவன் மகன், சம்பளம் வாங்குமுன்பே 3 லட்சம் கடன்காரனாக வேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

பாஷை விஷயம் இன்னும் வேடிக்கை. சர்க்கார் பாங்கிகளின் குமாஸ்தா பரீட்சையை இங்கிலீஷ், ஹிந்தியோடு 13 பிரதேச பாஷைகளிலும் நடத்த வேண்டுமென்று 2021ல் நிதி இலாகா சொல்லிற்று. அதில் தமிழும் உண்டு. ஆபீசர் பரீட்சையை அதில் சேர்க்கவில்லை. ஹிந்திக்காரன் தன் தாய்பாஷையில் ஆபீசராகலாம். தமிழன் தன் தாய்பாஷையில் குமாஸ்தா ஆகலாம் என்பதுதானே இதன் பொருள்? பணம் போடுகிறவன் தமிழில் பேசுகிறான். கடன் கேட்கிறவன் தமிழில் கேட்கிறான். கடன் கொடுக்கிற ஆபீசர் மாத்திரம் தமிழில் பரீட்சை எழுதக்கூடாதா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஆபீசர் பரீட்சையும் தமிழில் வேண்டும். வேலைக்கு எடுக்கிற பாங்கியே படிப்புச் செலவை ஏற்க வேண்டும். ஆயுத பூஜைக்கும் கோவில் கும்பாபிஷேகத்துக்கும் தாராளமாகச் செலவழிக்கும் மில் முதலாளிகளும் பனியன் முதலாளிகளும், அதில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு ஒதுக்க வேண்டும். பெற்றோர்கள் மகளையும் மகனையும் ஒன்றாக எண்ணிப் படிக்க வைக்க வேண்டும். படிக்கிற வாலிபர்களும் பட்டத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதோடு நின்றுவிடாமல், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தங்கள் கிராமத்துச் சாவடியில் உட்கார்ந்து, வட்டிக் கணக்கையும், பாங்கி விழுந்தால் ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரையில் டெபாசிட்டு இன்ஷூரன்ஸ் உண்டென்பதையும், அது ஈமு கம்பெனிக்குக் கிடையாதென்பதையும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பணம் மனிதன் உண்டாக்கிய சாதனம். மனிதன் உண்டாக்கியதை மனிதன் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொள்ளாதவன்தான் அதன் முன் விழுந்து கும்பிட்டுக் கொண்டிருப்பான். அவன் கும்பிட்டுக் கண்ணை மூடியிருக்கும் நேரம்தான் மோசக்காரனுக்கு நல்ல நேரம்.