வராத வரவை நம்பிய குழு

இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் என்றொரு கால்பந்துக் குழு. 1992-ல் அந்நாட்டு லீக் பட்டத்தை வென்றது. 2001-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. அதே குழு 2004-ல் பிரீமியர் லீகை விட்டு இறங்கி, 2007-ல் மூன்றாம் பிரிவு வரை சரிந்தது. மீண்டும் மேலே வர 2020 ஆயிற்று.

ஆட்டக்காரர்கள் சரியில்லை என்பார்கள். என் கருத்து வேறு. அந்தத் தோல்வி மைதானத்தில் அல்ல, பேரேட்டில் தொடங்கியது.

2000-ல் ரியோ ஃபெர்டினாண்டு என்ற ஒருவருக்கு மட்டும் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். வருங்கால டிக்கெட் வசூலை ஈடு காட்டி 6 கோடி பவுண்டு கடனும் வாங்கினார்கள். ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம், அந்த வருமானத்தில் கட்டிவிடலாம் என்று மனக்கணக்கு. 2001-லும் 2002-லும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. வரவு நின்றது, வட்டி நிற்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2004-ல் சொந்த மைதானத்தையும் விற்றார்கள். வட்டி கட்டுவதற்காக ஓடுகிற சரக்கையெல்லாம் தள்ளிவிட்ட கடைக்கு வாடிக்கையாளர் எதற்கு வருவார்?

வணிகப் பெருமக்களே, தீபாவளிக்கு இவ்வளவு விற்கும் என்று நினைத்து, வட்டிக்கு வாங்கி மூட்டை அடுக்குகிறவர்கள் நம்மிலும் உண்டு. நான் மொத்த வியாபாரி. நீங்கள் கூடுதலாக எடுத்தால் எனக்கு விற்பனைதான். ஆனாலும் சொல்கிறேன்: அடைமழை பிடித்து வியாபாரம் படுத்தாலும் உங்களால் கட்ட முடிந்த அளவுக்கே கடன் வாங்குங்கள்.