தண்ணீருக்கு ஜாதி உண்டா?

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, 1,250 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்பப் பிரிகேட் என்னும் கம்பெனி உத்தேசித்ததும், அதற்கு 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதியும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அனுமதியும் அடுத்தடுத்துக் கிடைத்ததும், அறப்போர் இயக்கத்தார் அதை வெளிப்படுத்தி ஆட்சேபித்ததும், பிறகு வழக்கு ஏற்பட்டு, 2025 அக்டோபர் 31-இல் சென்னை உயர்நீதிமன்றம் கட்டட வேலைக்கு இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர்கள் பத்திரிகைகளில் பார்த்திருக்கக் கூடும். பட்டணத்தில் எவனோ கட்ட நினைத்த மாடியைப் பற்றித் தஞ்சை ஜில்லாவில் நாற்று நடுகிறவனுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு என்பதைக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலாவது, அந்த இடம் இன்னதென்பதைப் பார்ப்போம். தென்சென்னையைச் சுற்றிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி வழிந்து, கடைசியாகப் பள்ளிக்கரணையில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேருகிறது. நமது பாஷையில் சொன்னால், அது ஊருக்கெல்லாம் பொதுவான வடிகால். 1971-இல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 2022-இல் அதில் 1,247 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 3,080 ஏக்கர், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமென்று பதிவாயிற்று. இப்பொழுது தகராறெல்லாம், கட்டடம் வரவிருந்த நிலம் இந்த எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான். உள்ளே என்கிறார்கள் ஆட்சேபிக்கிறவர்கள். அது தனியார் பட்டா நிலம், ராம்சார் எல்லை இன்னும் சர்வே எண் வாரியாக அளந்து முடிக்கப்படவில்லை என்கிறார்கள் மற்றவர்கள்.

வழக்கில் யார் ஜெயிப்பார்கள் என்பதைப் பற்றி நாம் பேச வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே. எல்லை எதுவென்று அளந்து முடியவில்லையானால், முடியும் முன்னே அனுமதி கொடுப்பானேன்? தஞ்சை ஜில்லாவில் ஒரு பண்ணையாள் வாய்க்கால் புறம்போக்கில் நாலு கீற்று வைத்துக் குடிசை போட்டால், "எல்லை தெரியவில்லை, அளந்து பார்க்கிறோம், அதுவரை இருந்து கொள்" என்று எந்தத் தாசில்தாராவது சொன்னதுண்டா? ஏழைக்கு எல்லை எப்பொழுதும் தெளிவாயிருக்கிறது. பணக்காரனுக்கு மாத்திரம் அது மங்கிப் போகிறதென்றால், இது சர்வே சங்கிலியின் குற்றமா, பிடிக்கிறவர்களின் குற்றமா?

நிற்க, இதே பெரும்பாக்கத்தில் இன்னொரு கூட்டம் ஜனங்களும் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு, கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளில் குடியிருந்த ஏழை மக்களின் வீடுகளை இடித்து, "நீங்கள் நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள், உங்கள் உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி, 20, 25 கிலோமீட்டர் தள்ளி இங்கேதான் கொண்டு வந்து விட்டார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சர்க்காராலேயே இவ்விடத்தில் எட்டு மாடிகளாக அடுக்கப்பட்டன. வீட்டு வேலைக்கும், மீன் விற்கவும், மூட்டை தூக்கவும் போன இடமெல்லாம் தூரமாய்ப் போனதால் பலர் ஜீவனத்தையே இழந்தார்கள். தண்ணீர் ஆபத்தென்று அழைத்து வரப்பட்டவர்களை, 2023 டிசம்பர் புயலில் அதே தண்ணீர் இங்கேயும் சூழ்ந்து கொண்டது!

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். ஆற்றோரத்தில் ஏழை இருந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. சதுப்போரத்தில் பணக்காரன் வீடு வாங்கினால் அதற்குப் பெயர் அபிவிருத்தி. அவன் ஜன்னலைத் திறந்தால் நாரையும் கொக்கும் தெரியும் என்பதற்காக விலையும் கூடுகிறது. வெள்ளத்துக்கு மாத்திரம் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த நியாயம் நமக்குப் புதிதா? காவிரிக்கரையில் ஆற்றங்கரை யாருக்கு இருந்தது? படித்துறையும், மேட்டு மனையும், நல்ல காற்றும் அக்கிரகாரத்துக்கும் மிராசுதாரர் தெருவுக்கும். வயலுக்கு நடுவே, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற பள்ளம் சேரிக்கு. அந்தப் பள்ளத்து மனைகூட அவனுக்குச் சொந்தமல்ல. கூலி கூடக் கேட்டால், "என் மனையை விட்டு இறங்கு" என்ற ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைத்தார்கள். 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்த பிறகே, பண்ணையாள் தன் குடிசை வாசலில் நின்று நிமிர்ந்து பேச முடிந்தது. இருக்க இடம் இல்லாதவனுக்குச் சுயமரியாதை பேச்சளவில்தான் இருக்கும் என்பது நம் ஜில்லா கண்ட பாடம். ஜாதியால் பிரித்த மேட்டையும் பள்ளத்தையும் இப்பொழுது பணத்தால் பிரிக்கிறார்கள் என்பதல்லாமல் வேறென்ன மாறுதல்?

வடிகால் விஷயமோ நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவன் மேலே வடிகாலை அடைத்தால், கீழே கடைமடையில் பத்து ஊர்ச் சம்பாப் பயிர் அழுகும் என்பது நமது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். வடிகாலில் கரை கட்டினவன் பட்டாவைக் காட்டினால் தண்ணீர் திரும்பிப் போய் விடுமா?

இதைப் படித்தவர்கள் அறியாததில்லை. ஆனால் லட்சக்கணக்கில் கடன் பட்டு அடுக்கு வீடு வாங்கப் போகிறவன், சோதிடனையும் வாஸ்துக்காரனையும் கூட்டிக் கொண்டு போய், ஈசானிய மூலை சரியா, வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று பார்க்கிறானே ஒழிய, பெய்கிற மழை எந்த வழியாய் வந்து எந்த வழியாய்ப் போகும் என்று கேட்பதில்லை. வெள்ளம் வந்த பிறகு வருண பகவானின் கோபம் என்கிறான். வருணனுக்கு என்ன கோபம்? போகிற வழியை மறித்தால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். விதியென்றும் தெய்வச் செயலென்றும் சொல்லுவது, அனுமதி கொடுத்தவர்களைத் தப்ப விடுவதற்கே பயன்படும்.

இதில் கட்சி பார்ப்பதற்கும் இடமில்லை. பள்ளிக்கரணையைத் தின்றது ஒரு கம்பெனி மாத்திரமல்ல. பெருங்குடிக் குப்பை மேடும், சர்க்கார் ஸ்தாபனங்களும், ரஸ்தாக்களும் பல ஆட்சிகளில் பங்கு போட்டுத் தின்று வந்திருக்கின்றன.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. சதுப்பின் எல்லையை அளந்து, சர்வே எண்களோடு தமிழில் பிரசுரித்து, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும். அது முடியும் வரை எவனுக்கும் அனுமதி கூடாது. ஏழைகளைக் கரையிலிருந்து அகற்றத்தான் வேண்டுமென்றால், அவர்கள் பிழைக்கிற இடத்திற்குப் பக்கத்திலேயே மேட்டு நிலத்தில் வீடு கொடுக்க வேண்டும்.

தோழர்களே! இன்று தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி ரஸ்தாக்களின் இருபுறமும் நஞ்சை வயலில் கல் நட்டு, "நகர்" என்று பெயர் வைத்து மனை விற்கிறார்கள். விற்கிறவனிடம் வாசல் எந்தத் திசை என்று கேட்காதீர்கள். வடிகால் எங்கே என்று கேளுங்கள். அவன் விழித்தால், பணத்தை மடியில் முடிந்து கொண்டு வீடு திரும்புங்கள்.