கரண்டிக்குப் பயப்படுகிறோம், கத்திக்குத் தலையைக் கொடுக்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூசத்துக்கு முன்னாடி சொல்லியே ஆகணும். கோபப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

எங்க வட்டாரத்துல ஒரு ஆலயம். அங்கே பல வருஷமா அன்னதானத்தில் சோறு பரிமாறிய ஒரு அக்காவை "இனிமே சமையல்கட்டுப் பக்கம் வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவருக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்குன்னு யாரோ புலனத்தில் பரப்பிவிட்டதுதான் காரணம். அதே ஆலயத்தில் முடி காணிக்கை நடக்கும் இடத்தைப் போய்ப் பாருங்க. ஒரே வாளித் தண்ணி. ஒரே பிளேடு இரண்டு மூன்று தலைகளுக்கு ஓடுது. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கல.

இது எந்த ஊர் நியாயம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். கண் மஞ்சளானா எல்லாத்தையும் "மஞ்சள் காமாலை"ன்னு ஒரே பேரில் சொல்லிடறோம். உண்மையில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் பலவகை. ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும். அதுக்காகத்தான் சமைப்பவர் சோப்பு போட்டுக் கை கழுவணும், கண் புதுசா மஞ்சளித்தவர் குணமாகும் வரை சமையலில் இறங்கக் கூடாது.

பி, சி இரண்டும் வேறு. அவை முக்கியமாக ரத்தத்தின் வழியாகப் பரவும். பி வகை பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவு வழியாகவும் வரும். சேர்ந்து சாப்பிட்டாலோ, ஒரே குவளையில் குடித்தாலோ, கையைப் பிடித்தாலோ வராது. ஆக, அந்த அக்கா பரிமாறிய சோற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனா பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் பிளேடில் ஒட்டியிருந்தால் போதும்.

அலகு குத்துவதும் அப்படித்தான். பக்தர் 48 நாள் விரதம் இருந்து, உடம்பையும் மனசையும் சுத்தமா வெச்சுக்கிட்டு வர்றார். அவர் நாக்கில் ஏற்றும் வேல், இன்னொருத்தர் உடம்பிலிருந்து எடுத்து எலுமிச்சம்பழத்தில் துடைத்த வேலாக இருந்தால், அந்த விரதத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதானா? எலுமிச்சையும் விபூதியும் வழிபாட்டுக்கு உரியவை. அவை வைரஸைக் கொல்லாது.

"எங்க தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான், யாருக்கும் ஒண்ணும் ஆகல"ன்னு சொல்வீங்க. எப்படித் தெரியும்? இந்த நோய் 20, 30 வருஷம் சத்தமே இல்லாம உள்ளே இருக்கும். ஒருநாள் வயிறு வீங்கும். கல்லீரல் சுருங்கிப்போச்சு, இல்லேன்னா புற்றுநோய்னு டாக்டர் சொல்வார். எந்த வருஷம், எந்தக் கத்தியில், எந்த ஊசியில் வந்ததுன்னு அப்போ யாராலும் சொல்ல முடியாது. குடிச்சே கெட்டான்னு ஊர் பேசும், வாழ்க்கையில் குடிக்காதவரையும் சேர்த்து.

"முருகன் பார்த்துக்குவான்"னு சிலர் சொல்றாங்க. பார்த்துக்குவான். அதுக்காக ரோட்டைப் பார்க்காம கடக்கிறோமா?

செலவு ஒரு சாக்கே இல்லை. ஒரு பிளேடு ஒரு தே தாரிக் விலைகூட வராது. விளக்கு அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஒதுக்கும் நிர்வாகத்தால் இதைச் செய்ய முடியும். சில ஆலயங்களில் ஒழுங்காகச் செய்கிறார்கள், அவங்களுக்குக் கைகூப்பி வணக்கம். மற்றவங்க கிட்ட கேட்பது இவ்வளவுதான்: தலைக்கு ஒரு புது பிளேடு, அதை உங்க கண்ணெதிரே பிரிக்கணும். ஒருத்தருக்கு ஒரு ஜோடி கையுறை. முறையாகக் கிருமிநீக்கம் செய்த அலகு, அதுவும் ஒருவருக்கு மட்டும். போட்ட பிளேடைப் போட கெட்டியான மூடி டப்பா. பிள்ளைக்கு முதல் மொட்டை போட வர்ற அம்மா அப்பா, உட்காரும் முன்னாடி கேளுங்க. கேட்பது சாமி குத்தம் ஆகாது.

இன்னொண்ணு. மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நாம, அதாவது கோயில் வேலையில் முன்னே நிற்கும் பலபேர், ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துக்கணும். கிளினிக் கெசிஹாத்தானில் கேளுங்க. பி இருந்தால் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு; இல்லேன்னா தடுப்பூசி உண்டு. சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, ஆனா சுமார் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100இல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கிறாங்க.

ஆனா பரிசோதனைக்குப் போய், "இருக்கு"ன்னு வந்தா கரண்டியைப் பிடுங்கி வெளியே அனுப்புவாங்கன்னு தெரிஞ்சா எவர் போவார்? நோயை மறைக்கச் சொல்லிக் கொடுப்பதே நாமதான்.

இந்த வருஷம் உங்க ஆலயக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து இதைக் கேளுங்க. பதில் என்ன வந்ததுன்னு கீழே எழுதுங்க.

வேலும் மயிலும் துணை.