பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி? மாவட்ட ஆட்சித்தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,



பிளவக்கல் அணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வத்திராயிருப்பு வட்டாரத்தைப் பற்றி மட்டும் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். அணை நீர்மட்டம், சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகும் வழி, தேங்காய், எலுமிச்சை விலை, பால்கோவா, இராஜபாளையம் நாய். இவ்வளவுதான் அதன் எல்லை. விளம்பரத்திலும் கமிஷனிலும் வருவது ஒரு மாதம் இரண்டு மூட்டை உரத்துக்கு ஆகும். இன்னொரு மாதம் நெட் ரீசார்ஜுக்கே காணாது. மானியம் கேட்டோ கடன் கேட்டோ நான் இதை எழுதவில்லை. தங்கள் அலுவலகங்களில் அன்றாடம் பதிவாகிற சில விவரங்களைத் தமிழில், எழுத்தாக, உரிய நேரத்தில் வெளியிடச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நம் ஊர்களின் பெயரைச் சொல்லி எங்கோ இருப்பவர்கள் சம்பாதிக்கும் காசில் ஒரு பங்கு அதனால் இங்கே தங்கும். அதைவிட முக்கியம், அந்தப் பெயரை நம்பி வருகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

இந்தத் தொழில் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கைப்பேசியில் ஒரு கேள்வியைத் தட்டுகிறார். பதில் இருக்கும் பக்கத்துக்குப் போகிறார். அந்தப் பக்கத்தில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடினால், விளம்பரம் கொடுத்தவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கூகுள் எடுத்துக்கொண்டு மீதியைத் தளம் நடத்துபவருக்குத் தருகிறது. அந்த மீதி 68 சதவீதம் என்று நெடுநாள் இருந்தது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். இந்திப் பக்கங்களுக்கு 2014-லேயே கிடைத்த இந்த வசதி, தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் வந்தது. மற்றொரு வழி அஃபிலியேட். ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை வாங்கும் இணைப்பையும் கொடுக்க வேண்டும். அமேசானில் என்றால், அந்த இணைப்பு வழியாகப் போனவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் எழுதியவருக்குச் சிறு கமிஷன் உண்டு. வாங்குகிறவருக்கு விலை கூடுவதில்லை.

இரண்டுக்கும் முதலீடு ஒன்றுதான்: ஜனங்கள் என்ன கேட்கிறார்கள், அதற்குச் சரியான பதில் என்ன என்று தெரிந்திருப்பது. நம் பகுதியைப் பற்றிக் கேள்விகளுக்குக் குறைவே இல்லை. பதில்தான் தட்டுப்பாடு.

அணையையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பெரியாறு அணை என்றதும் தேடுபொறிக்கு முதலில் தட்டுப்படுவது முல்லைப் பெரியாறு. உச்ச நீதிமன்றம் 2014-இல் அங்கே அனுமதித்த மட்டம் 142 அடி. எங்கள் பெரியாறு அணையின் மொத்த உயரமே 47 அடி சொச்சம்தான். கூடவே இருக்கும் கோவிலாறு அணை 42 அடி சொச்சம். இரண்டும் சேர்ந்ததுதான் பிளவக்கல் திட்டம். அணையைக் கண்ணால் பார்க்காமல் எழுதுகிறவர் இந்த இரண்டு பெரியாறுகளையும் குழப்பிக்கொண்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்ததும், நாற்று பாவலாமா, இன்னும் நாலு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கிற சம்சாரிக்கு அந்தக் குழப்பம் விளையாட்டில்லை. எத்தனை அடி நிற்கிறது, எந்தத் தேதியில் திறப்பார்கள், தன் கண்மாய்க்கு எப்போது தண்ணீர் வரும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அணையில் அளவு தினமும் குறிக்கப்படுகிறது. அது அவருடைய கைப்பேசிக்கு வந்து சேர்வதுதான் இல்லை.

சதுரகிரி இதைவிடச் சிக்கல். கோயில் மதுரை மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. பக்தர்கள் ஏறும் தாணிப்பாறை நம் மாவட்டத்தில் இருக்கிறது. பாதை வனத்துறையின் பொறுப்பு, கோயில் அறநிலையத்துறையின் பொறுப்பு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுப்பாடுகளுக்கான காரணங்கள் கூடியிருக்கின்றன. 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதனால் மழை பெய்தாலோ காட்டுத்தீ பிடித்தாலோ பாதையை அடைப்பது நியாயம்தான். அடைத்ததை எல்லோருக்கும் தெரியச் சொல்லும் ஒரே இடம் எது என்பதுதான் என் கேள்வி.

தடை போட்ட ஒரு காலையில் தாணிப்பாறை கேட்டுக்கு வந்து பாருங்கள். விடிவதற்கு முன்பே வெளியூர் வண்டிகள் நிற்கும். கேட்டில் நிற்கும் வனக் காவலரிடம் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டுவார். ‘இன்று அனுமதி உண்டு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம். கொஞ்சம் கீழே தள்ளினால் போன வருஷத்துத் தேதி. தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். நடுவே மூட்டுவலித் தைலத்துக்கும் தனிநபர் கடனுக்கும் விளம்பரம். இராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த குடும்பம் திரும்பிப் போகும். அந்தப் பக்கத்தை எழுதியவருக்கோ, அவர்கள் திறந்து பார்த்த நிமிஷமே காசு கணக்கில் ஏறியிருக்கும். பொய் சொன்னதற்காக ஒரு பைசா குறையாது.

இப்படிப்பட்ட பக்கங்கள் பெருகியதால்தான் கூகுள் 2024 மார்ச்சில், தேடலில் முன்னால் வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களைக் குப்பை என்று வகைப்படுத்தி விதிகளைக் கடுமையாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேடலின் உச்சியிலேயே பதில் சொல்லும் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது. தமிழும் பின்னால் சேர்ந்தது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் கீழே உள்ள தளங்களுக்கு யார் வருவார்கள்? பத்துப் பக்கத்தைப் படித்துப் பதினொன்றாவது பக்கம் எழுதிய காலம் முடிந்துவிட்டது. நேரில் பார்த்தவர் எழுதினால்தான் இனி மதிப்பு. ஆனால் அந்த ஏஐ-யும் இணையத்தில் கிடக்கும் எழுத்திலிருந்துதானே எடுக்க வேண்டும்? நம் அணையின் அளவு எங்கும் எழுத்தாக இல்லாவிட்டால் அது பக்கத்து மாவட்டத்து அணையின் அளவைச் சொல்லும். சொல்வதையும் தயங்காமல் சொல்லும்.

எனவே முதல் வேண்டுகோள். பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். சதுரகிரிக்கு மறுநாள் அனுமதி உண்டா, எத்தனை மணி வரை. தாணிப்பாறைக்குச் சிறப்புப் பேருந்து உண்டா. இவற்றை ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்குள் மாவட்ட இணையதளத்தின் ஒரே பக்கத்தில், தேதி போட்டு வெளியிட வேண்டும். படமாக வேண்டாம். கையெழுத்தும் முத்திரையுமாக ஸ்கேன் செய்த தாள், வாட்சப் குழுக்களில் சுற்றுவதற்கு உதவும், தேடினால் அகப்படாது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அந்த எழுத்தில் நாலு வரி தட்டினால் போதும்.

இது புதிய சலுகையும் அன்று. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் மனு போடாமலே தகவலை வெளியிடும் கடமையை அலுவலகங்களுக்கு விதிக்கிறது. உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழியில் சொன்னால் நன்றாகப் போய்ச் சேரும் என்பதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நம் பகுதியில் நன்றாகப் போய்ச் சேரும் வழி எது என்று வத்திராயிருப்பு பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும்.

அரசு தரும் தகவலை வைத்து இவன் விளம்பரக் காசு பார்க்கிறானே என்று கேட்கலாம். பார்க்கிறேன்தான். நாளிதழ்களும் அணை நிலவரத்தை அச்சிடும் தாளில்தான் விளம்பரம் போடுகின்றன. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட திறந்த தரவு உரிமமே, மூலத்தைச் சொல்லிவிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. அதே நிபந்தனையை இங்கேயும் வையுங்கள்: எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதியில் எடுத்தோம் என்று போடாதவன் பயன்படுத்தக் கூடாது. இந்த விவரம் தங்கள் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் என் தளத்துக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் குறைவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குறையட்டும். மாங்கனி ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, வழுக்குப்பாறையில் வயதானவர்கள் எங்கே பிடித்து ஏற வேண்டும், எந்தக் கண்மாயின் மடை பழுதாகிக் கிடக்கிறது என்பதை அலுவலகப் பக்கம் எழுதாது. அதை எழுதித்தான் நாங்கள் பிழைக்க வேண்டும். அதில்தான் போட்டி போட வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் பால்கோவாவைப் பற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூட்டுறவுப் பால் சங்கம் செய்கிறது. பாலைக் கடாயில் ஊற்றி விறகு அடுப்பில் கிண்டும் சிறு கடைக்காரர்களும் செய்கிறார்கள். ஆன்லைனில் தேடுகிறவருக்கு எது இந்த ஊரில் கிண்டியது, எது பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டது என்று தெரிய வழியில்லை. பதிவு பெற்ற தயாரிப்பாளர்களின் பட்டியலைத் தமிழில் வெளியிடச் செய்யுங்கள். மகளிர் குழுக்களின் ‘மதி’ பொருள்களையும் பால்கோவாவையும் ஆன்லைனில் விற்பவர்கள், வாங்க ஆள் அனுப்புகிற உள்ளூர் எழுத்தாளருக்கு ஒரு சிறு கமிஷன் தரும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். அமேசான் 1996-லிருந்து செய்வதை ஒரு மாவட்டம் தன் பொருளுக்குச் செய்ய முடியாதா? கமிஷன் வாங்குகிறவர் அதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் கட்டாயமாக்குங்கள். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் தந்த வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: பரிந்துரை எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும்.

நேர்மையான பக்கம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் ஊர் நாயே சாட்சி. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வந்தது. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு என்று படம் போட்டு, குட்டி விற்கும் பக்கங்கள் நிறைய. இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது சகஜம், கைதட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எழுதினால் விற்பவருக்குக் கசக்கும். ஆனால் அதைப் படித்தவர் அடுத்த கேள்விக்கும் அதே பக்கத்துக்குத்தான் வருவார். இந்தத் தொழிலில் நிலைக்கிற வருமானம் அவரிடமிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, எங்கள் பிள்ளைகளுக்காக. ‘வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம்’ என்ற சுவரொட்டியும் ரீலும் கிருஷ்ணன்கோவிலிலிருந்து இராஜபாளையம் வரை எல்லோர் கண்ணிலும் படுகின்றன. விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொல்லி ஆள் சேர்த்த ‘மைவி3 ஆட்ஸ்’ மீது கோவை சைபர் கிரைம் போலீஸ் 2024 ஜனவரியில் வழக்குப் பதிந்தபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் எந்தத் திட்டத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது? விளம்பரம் கொடுத்தவர் பையிலிருந்து வந்தால் அது தொழில். அடுத்துச் சேர்கிறவர் கட்டும் தொகையிலிருந்து வந்தால், கடைசியில் சேர்ந்தவர் தலையில்தான் விடியும். இந்தக் கேள்வியைக் கிராம சபையில் ஒருமுறை சொல்லுங்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘நான் முதல்வன்’ திட்டம் 2022-லிருந்து கல்லூரி மாணவர்களுக்குத் திறன்களைக் கற்றுத்தருகிறது. நம் மாவட்டக் கல்லூரிகளில் அதோடு இணையத்தில் எழுதிப் பிழைக்கும் இந்தத் தொழிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையதளம் தொடங்குவது ஒரு மத்தியான வேலை. ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்வதுதான் வருடக்கணக்கான வேலை. தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பர விலை குறைவு. அமெரிக்கக் காப்பீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் வருவது இங்கே வராது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே சொடுக்கினால் கணக்கை மூடிவிடுவார்கள். முதல் 100 டாலர் சேர மாதக்கணக்கில் ஆகலாம். இதையெல்லாம் பூசி மெழுகாமல் சொல்லித்தர வேண்டும். அதைக் கேட்ட பிறகும் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைப் பற்றியோ, நரை அணிலைப் பற்றியோ, வத்திராயிருப்புத் தென்னையில் விழும் பூச்சியைப் பற்றியோ அந்தப் பிள்ளை எழுதுவதை வேறு எந்த ஊரிலிருந்தும் எழுத முடியாது.

மூன்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதலாவதற்குப் பணமும் வேண்டாம், புதிய ஆணையும் வேண்டாம். பொறுப்பான ஓர் ஊழியரும் மாலையில் பத்து நிமிஷமும் போதும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரியில் இலட்சக்கணக்கில் கூட்டம் வரும். அதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தப் பக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். தொடங்கிய அன்றே என் தளத்தில் பழைய அனுமதிச் செய்திகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கள் பக்கத்தின் இணைப்பை வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பிளவக்கல் பக்கத்து இணையதளக்காரன்
வத்திராயிருப்பு வட்டாரம்