இலவசம் யாருடைய சுரங்கம்?

இருப்புப் பாதை முடியும் இடம் மாரிகுப்பம். விடியுமுன்னே அங்கிருந்து புறப்படும் வண்டிகளில் தங்கவயல் மக்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாதையே படியளக்கிறது. அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். எஸ்.பி. ரோட்டில் பழைய விலைக்கு வாங்கிய மடிக்கணினி ஒன்று. அதில்தான் அக்காளின் ஆய்வேடு. அதில்தான் தம்பியின் தேர்வு விண்ணப்பம். அதில்தான் அப்பாவின் வருங்கால வைப்புநிதித் தாள்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைச் செருகியதும் கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரில் குறுக்குவழிகள் மட்டும் நிற்கின்றன. அழித்தாலும் மறுநாள் முளைக்கின்றன. அக்காள் துறையில் கேட்கிறாள்: எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது?

அவளுக்குக் கிடைக்கும் விடைகள் இரண்டே. "இலவசத்தை நம்பாதே, காசு கொடுத்து வாங்கு" என்பது ஒன்று. "இந்தப் பத்தில் ஏதாவது ஒன்றை ஏற்று" என்பது மற்றொன்று. கல்விப்புலத்தில் அன்றாடம் வழங்கப்படும் இவ்விரண்டு விடைகளும் பிழையானவை. பிழை என்பதோடு நில்லாமல், வசதியற்ற மாணவரை மேலும் ஏமாற்றத்துக்கு உள்ளாக்குபவை.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். விலைதான் காவல் என்றால், 2017 மே 12 அன்று வான்னாகிரை உலகின் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியிருக்கக் கூடாது. அவை காசில்லாத இடங்கள் அல்ல. அந்த நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே கட்டணமின்றி வெளியிட்டிருந்தது. அதை ஏற்றியவர் தப்பினார், ஏற்றாதவர் சிக்கினார். கணினிகளைக் காத்தது இரண்டு மாதம் முன்பே வந்திருந்த ஓர் இலவசப் புதுப்பிப்பு.

இன்னும் அருகில் வரலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலையமைப்பைச் சேர்ந்த, இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் நச்சுநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய நாள்தான் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வெளியாகியிருந்தது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அதைத் தெரிவித்துவிட்டது என்பதும் கழகத்தின் அறிக்கையிலேயே உள்ளது. உலைகளை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது தீண்டப்படவில்லை என்று கழகம் கூறியது. இங்கு பாடம் தெளிவு: காப்பாற்றியதாகச் சொல்லப்படுவது பிரிவினை, விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் அன்று. அணுமின் நிலையத்துக்கே இதுதான் நிலைமை என்றால், மாரிகுப்பத்து மாணவியிடம் ஆண்டுச் சந்தாவைக் கட்டச் சொல்வது அறிவுரையா, கைகழுவலா?

விலை கொடுத்து வாங்கும் காவலே வாசலாக மாறியதும் உண்டு. மும்பையிலிருந்து இயங்கும் இ-ஸ்கேன் ஆன்டிவைரசின் புதுப்பிப்பு வழியைக் கைப்பற்றி, குப்திமைனர் என்னும் நச்சுநிரல் பல கணினிகளில் இறக்கப்பட்டதை 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். புதுப்பிப்புகள் மறையாக்கம் இல்லாத பாதையில் வந்துகொண்டிருந்ததே அதற்கு இடமளித்தது. குறை 2023 ஜூலை இறுதியில் சரிசெய்யப்பட்டது. இறக்கப்பட்டவற்றுள் பிறர் கணினியில் மறைநாணயம் தோண்டும் நிரலும் ஒன்று.

இனி இரண்டாம் விடை. "ஏதாவது ஓர் இலவசம்" என்போர், இலவசத்தை நடத்துபவர் எதைத் தின்று வாழ்கிறார் என்று கேட்பதில்லை. மேலே குற்றத்தைக் கண்டுபிடித்த அதே அவாஸ்டின் கதை இது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இலவசமாகப் பயன்படுத்திய மென்பொருள் அது. பின்தொடர்வோரிடமிருந்து காப்பதாகவும் சொல்லிக்கொண்டது. ஆனால் அதன் பயனர்கள் எந்தப் பக்கங்களைப் பார்த்தனர் என்ற விவரங்கள் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்கப்பட்டன. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அதை வெளிக்கொணர்ந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்துமாறு அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தரப்பினருக்கு அவ்விவரங்கள் விற்கப்பட்டதாக ஆணையம் குற்றஞ்சாட்டியது. நோயையும் கடனையும் சமயத்தையும் பற்றி ஒருவர் இரவில் தேடிய பக்கங்கள், காவலாளியின் கைவழியே சந்தைக்குப் போயின.

இந்த வணிகத்தை மாரிகுப்பத்தாருக்கு விளக்க உவமை தேட வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்பதித்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். பெருநகரத்தை முந்தி வந்த அந்த மின்சாரம் தொழிலாளர் குடியிருப்புகளை எண்ணி வரவில்லை, சுரங்கத்தின் எந்திரங்களுக்காகவே வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கம் வெளியேறியது. ஊருக்குச் சயனைடு மேடுகள் எஞ்சின. காற்றடித்தால் அந்த மண் வீடுகளுக்குள் வருகிறது. கொடுப்பதுபோல் வருவது எடுப்பதற்காகவும் வரலாம் என்பதை அவ்வூர் தன் நுரையீரலால் அறியும். தரவைத் தோண்டும் நிறுவனம் தரும் இலவசத்தையும் அந்தப் பட்டறிவோடுதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இலவசமே வேண்டாமா? அன்று. இலவசத்தில் பல வகை உண்டு என்பதே இங்கு வாதம். இயங்குதளத்தோடு ஏற்கெனவே வந்துள்ளது ஒருவகை. ஒருமுறை துடைத்துவிட்டு வெளியேறுவது இன்னொரு வகை. நிரந்தரமாகக் குடியேறி ஓயாமல் விளம்பரம் காட்டுவது மூன்றாம் வகை. மூலநிரல் திறந்திருப்பது நான்காம் வகை, கிளாம்-ஏவி அத்தகையது. இந்நான்கையும் ஒரே பட்டியலில் வரிசையிட்டு விண்மீன் குறி வழங்குவது அறிவுலகத்துக்கு அழகன்று.

பிடிவாதமான நச்சுநிரல் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பது புரிந்தால் தேர்வு தானே தெளியும். அது கணினி எழும்போதே எழுகிறது. பணித் திட்டமிடலிலும் பதிவேட்டிலும் தன் நகல்களை வைக்கிறது. ஒன்றை அழித்தால் மற்றொன்று மீட்கிறது. ரூட்கிட் வகையாயின் இயங்குதளத்தின் அடித்தளத்தில் அமர்ந்து, தேடும் மென்பொருளுக்கே பொய்ப் பட்டியலைக் காட்டுகிறது. எனவே அது இயங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து எத்தனை மென்பொருளை ஏவினாலும் பயன் குறைவு. அது உறங்கும்போது வெளியிலிருந்து தேட வேண்டும்.

ஆகவே முறை இதுவாக இருக்கட்டும். முதலில் இணையத்தைத் துண்டித்து, இன்றியமையாத ஆவணங்களை மட்டும் தனியே நகலெடுக்க வேண்டும். இயங்குநிரல் கோப்புகளை எடுக்கலாகாது. அடுத்து, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள டிஃபெண்டரின் ஆஃப்லைன் தேடலை இயக்க வேண்டும். அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழுமுன் தேடுகிறது. அதற்குக் காசும் வேண்டா, புதிய பதிவிறக்கமும் வேண்டா. மூன்றாவதாக, குடியேறாத ஒரு கருவியிடம் இரண்டாம் கருத்துக் கேட்கலாம். மைக்ரோசாப்ட் சேஃப்டி ஸ்கேனர் பதிவிறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும் என்பது அதன் குறையன்று, நேர்மை. மால்வேர்பைட்ஸின் கட்டணமில்லாப் பதிப்பு கேட்டபோது மட்டும் தேடும். தொடக்கத்தில் வரும் சோதனைக்காலம் முடிந்ததும் காவல் பணி நின்றுவிடும் என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். எதுவானாலும் உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே, பாதிக்கப்படாத வேறொரு கணினியில் இறக்க வேண்டும். "இலவச ஆன்டிவைரஸ்" என்று தேடினால் மேலே வரும் விளம்பரங்களுள் நச்சுநிரலே வேடமிட்டு நிற்பது பழைய தந்திரம்.

ஓயாது காவல் காக்கும் மென்பொருள்கள் இரண்டை ஒரே கணினியில் ஏற்றுவது இரட்டைப் பாதுகாப்பன்று. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பற்றும், கணினி முடங்கும், இரண்டின் பார்வையிலும் இடைவெளி விழும். சாலிட்டி போன்ற, பிற நிரல்களுக்குள் தன்னைப் புகுத்திக்கொள்ளும் நச்சுநிரலாயின் துடைத்த பின்னும் நிரல்கள் பழுதாகவே இருக்கலாம். அங்கே வட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே சிகிச்சை. அதைத் தோல்வி என்று கருதுவோர் மேலும் மூன்று இரவுகளை இழப்பர். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வகையாயின், நச்சுநிரலை நீக்கினாலும் பூட்டுத் திறக்காது. 2016இல் ஐரோப்பியக் காவல் அமைப்பும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அவ்வகைக்குத் திறவுகோல் உண்டா என்று பார்க்கலாம், கட்டணமின்றி.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "திருட்டு விண்டோஸைப் போட்டுவிட்டு ஆன்டிவைரஸைக் குறைசொல்லலாமா?" என்பர். மறுப்பில் உண்மை உண்டு. உரிமமின்றி விண்டோஸை முடுக்கும் கள்ளக் கருவிகள் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை அணைக்கும்படிதான். அணைத்த கதவின் வழியே எதுவும் வரும். ஆனால் அந்தக் கருவியை மாணவருக்கு அறிமுகப்படுத்துவது யார்? கணினி பழுதுபார்க்கும் கடை, மூத்த மாணவர், சில வேளை துறையின் ஆய்வகமே. ஆய்வேட்டை வேர்டு கோப்பாகவே தர வேண்டும், புள்ளியியல் பணிக்கு இன்ன விலைமிகு மென்பொருளே வேண்டும் என்று விதிக்கும் பல்கலைக்கழகம், அதை வாங்க வழியற்ற மாணவரைக் கள்ளப் பதிப்பை நோக்கித் தள்ளிவிட்டுப் பின் ஒழுக்கம் போதிப்பது பொருந்தாது. லிப்ரே ஆபிஸும் ஆர் மொழியும் உள்ள காலம் இது. சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் இந்நாட்டினது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்துவிட்டன. பள்ளிச் சிறுவரால் இயன்றது ஆய்வு மாணவரால் இயலாதா? கற்பிக்க மனமில்லை என்பதே மெய்.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2017 பிப்ரவரி 21 அன்று செர்ட்-இன் சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தைத் தொடங்கியது. கணினியைத் துடைக்கும் கருவிகள் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பென்டிரைவைக் கட்டுப்படுத்தும் யுஎஸ்பி பிரதிரோத், கைபேசிக்கான எம்-கவச் ஆகியவற்றைச் சி-டாக் உருவாக்கியது. இவை குறையற்றவை என்று யாரும் சொல்ல வேண்டா. கருவி வழங்குவோருள் இ-ஸ்கேனும் ஒன்று என்பதே எச்சரிக்கைக்குப் போதும். ஆயினும் கேள்வி வேறு: முனைவர் பட்டத்துக்கான பயிற்சி வகுப்புகளில் ஆய்வு நெறிமுறைக்கும் மேற்கோள் முறைக்கும் இடமுண்டு, இப்பெயர்களில் ஒன்றையேனும் உச்சரித்த வகுப்பு எத்தனை? தரவு திருட்டுப்போவதும் அழிவதும் ஆய்வுக்குத் தொடர்பில்லாதவையா?

ஆய்வுக்காக மக்களிடம் செல்பவர் தம் கணினியில் வைத்திருப்பது தம் உடைமை மட்டும் அன்று. நுரையீரல் நோயுற்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளர் ஒருவர் நம்பிச் சொன்ன சொற்கள் ஒலிக்கோப்பாக அதில் கிடக்கின்றன. அவருடைய பெயரும் முகவரியும் மருத்துவச் சீட்டும் கிடக்கின்றன. அந்தக் கணினியில் எந்த இலவசம் குடியேறியிருக்கிறது, அது எதை வெளியே அனுப்புகிறது என்று கேட்பது ஆய்வறத்தின் முதற்கேள்விகளுள் ஒன்று. தகவல் தந்தவரிடம் ஒப்புதல் கையொப்பம் வாங்கிவிட்டு, அத்தகவலை யாரிடமும் திறந்துபோட்டு வைப்பதற்கு நெறிமுறைக் குழு என்ற பெயர் எதற்கு?

எனவே துறைகளிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எதற்கும் பெருஞ்செலவு இல்லை. நூலகத்தில் இரண்டு கணினிகள், பென்டிரைவைச் சோதிப்பதற்கென்றே, எதனோடும் இணைக்கப்படாமல் இருக்கட்டும். லினக்ஸில் எழும் மீட்புப் பென்டிரைவ்கள் நான்கைந்து, நூலைப் போலவே இரவலாக வழங்கப்படட்டும். ஆய்வேட்டின் நகல் பல்கலைக்கழக வழங்கியில் வாரந்தோறும் சேர வழி செய்யப்படட்டும். பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு பிற்பகல், ஆஃப்லைன் தேடலும் புதுநிறுவலும் செய்துகாட்டப்படட்டும். அவ்வகுப்பு தமிழிலும் கன்னடத்திலும் நடக்கட்டும்.

மாரிகுப்பத்து மாணவி கேட்டது ஒரு மென்பொருளின் பெயரை. அதைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அவளுடைய மடிக்கணினியைத் திறந்து, அவளோடு ஒரு பிற்பகல் அமர்ந்து, எது ஏன் வந்தது, எதை ஏன் நம்பலாம் என்று காட்டுவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அப்படி அமர மறுக்கும் துறை, அடுத்த ஆண்டு அவள் ஆய்வேடு ஏன் தாமதமானது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாதிருக்கட்டும்.