விலக்கிய பாலுக்கு விலை தருபவர் யார்?

ஒன்றிரண்டு கறவை மாடுகளின் வருவாயைக் கொண்டே அன்றாடச் செலவையும் பிள்ளைகளின் படிப்பையும் நடத்திவரும் ஒரு குடும்பத்தில், விடியற்காலையில் பால் கறக்க உட்கார்ந்தவர் பசுவின் மடி கல்லாக இறுகிக் கிடப்பதையும், காம்பிலிருந்து பாலுக்குப் பதிலாகத் திரிந்த நீரும் இரத்தமும் இறங்குவதையும் காண நேர்ந்தால், அவர் மனத்தில் எழும் கலக்கம் சாமானியமானதன்று. கால்நடை மருத்துவர் வந்து சேர நேரமாகும். நோய் முற்றினாலோ அந்தக் காம்பே செத்துப்போகும். ஆகவே கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் ஊசியும், காம்பின் வழியே மடிக்குள் செலுத்தும் டியூபும் உடனே பிரயோகமாகின்றன. வீக்கம் வடிந்ததும், கிருமி முழுவதும் அழிவதற்கு முன்னரே சிகிச்சை நின்றுவிடுகிறது. மருந்து கலந்த பாலும் மறுவேளையே சங்கத்தின் கேனில் போய்ச் சேருகிறது.

அந்த மருந்து காய்ச்சுவதால் முற்றிலும் அழிவதில்லை. உறைமோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அது முடக்கிவிடுவதால் பால் தயிராகத் தோயாமற்போவதும் உண்டு. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அதனால் விபரீதமும் நேரலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் நாடெங்கும் திரட்டிச் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 77 மாதிரிகள் ஆன்டிபயாடிக் மருந்தின் அனுமதித்த அளவை மீறியிருந்தன. தொகை சிறிதென்று ஆறுதல் கொள்வோர் உளர். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. குறையளவு மருந்தைக் கண்ட கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் ஆற்றிய நோபல் உரையிலேயே எச்சரித்தார். மனிதரின் கடும் நோய்களுக்கு மருத்துவமனைகள் நம்பியிருக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்தே நம் தொழுவங்களிலும் மடிநோய்க்குத் தாராளமாக ஏற்றப்படுகையில், அங்கே பழகித் தேறிய கிருமி தொழுவத்தோடு நின்றுவிடும் என்று எண்ணுவதற்கு நியாயம் எதுவுமில்லை.

அதற்காகக் குற்றம் முழுவதையும் மாட்டுக்காரர் தலையில் சுமத்துவது தர்மமாகாது. மருந்து செலுத்திய பின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டுமென்பதை உறையில் அச்சிட வேண்டும் என்றும், காலம் நிர்ணயிக்கப்படாத மருந்தாயின் பாலுக்கு ஏழு நாட்களுக்குக் குறையலாகாது என்றும் 2012ஆம் ஆண்டின் விதி கூறுகிறது. நல்ல விதிதான். ஆனால் அந்நாட்களிலும் பசு தீவனம் தின்னும். பால் பணமோ வராது. ஊரார் உடல்நலத்துக்காக ஓர் ஏழை பாலைக் கீழே கொட்ட வேண்டுமானால், அந்த நஷ்டத்தை ஊராரே பகிர்ந்துகொள்வதன்றோ முறை?

நோயை வருமுன் தடுக்கும் உபாயங்கள் எளியவை. கறந்தபின் காம்பின் துவாரம் அரைமணி நேரம்வரை மூடாதிருக்கும் என்பதால், அவ்வேளையில் பசு சாணத்தில் படுத்துவிடாதபடி தீவனமிட்டு நிறுத்திவைத்தலும், காம்பைக் கிருமிநாசினியில் நனைத்தலும், நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறத்தலும் பெருஞ்செலவில்லாதவை. சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் முறையைத் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துப் பரப்பினர். தேசிய பால்வள வாரியமும் அதை ஆதரிக்கிறது. தொடக்க நிலையில் அதை முயல்வது விவேகமே. எனினும் காய்ச்சல் கண்டு, தீனி மறுத்துக் கிடக்கும் பசுவுக்குப் பூச்சோடு நின்றுவிடுவது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமையாகும். அப்பசுவுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை வேண்டும்.

ஆகையால் ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கமும், வெளிக்குத் தெரியாத மடிநோயைச் சில நொடிகளில் காட்டிக்கொடுக்கும் கலிபோர்னியச் சோதனைக்கான தட்டையும் திரவத்தையும் வைத்திருந்து, மாதம் ஒருமுறையேனும் உறுப்பினர்களின் மாடுகளைச் சோதிக்கட்டும். விற்பனையாகும் லிட்டருக்குச் சில காசுகள் ஒதுக்கி ஒரு நிதி அமைத்து, மருத்துவர் சீட்டைக் காட்டித் தம் பசுவின் பாலை விலக்கிவைக்கும் உறுப்பினருக்கு அந்நாட்களின் பால் விலையை வாராந்திரப் பட்டுவாடாவிலேயே சேர்த்துக் கொடுக்கட்டும். அதற்காகப் பாக்கெட்டின் விலை சிறிது கூடுமாயின், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பாலை வாங்கிக் குடிக்கும் நாம்தாம்.